வள்ளி முதல் ஔவை வரை: கே.பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வும் பழநி முருகத் தொன்மமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இசைநாடக மேடையிலிருந்து பேசும்படத்திற்கு வந்த முதல் தலைமுறைக் கலைஞர்களுள் கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) குறிப்பிடத்தக்கவர். அவருடைய வாழ்க்கையை எழுதியோர் பெரும்பாலும் எஸ்.ஜி. கிட்டப்பாவுடனான அவருடைய உறவையும், கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் அவர் மேற்கொண்ட துறவுக்கோலத்தையும் மையப்படுத்தியே எழுதியுள்ளனர். இக்கட்டுரை அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்தி, அத்துறவுக்கோலம் ஒரு தொழில்முறை முடிவாகவும் செயல்பட்டதை எடுத்துக்காட்டுகிறது. இளமையில் வள்ளியாக மேடையேறிய அவர் முதுமையில் பழநிக் குன்றின் அடிவாரத்தில் முருகனைத் தேற்றும் ஔவையாகத் திரையில் நிலைபெற்றார். இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ளப் பழநி முருகத் தொன்மம் இங்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கே.பி. சுந்தராம்பாள், இசைநாடகம், வள்ளி திருமணம், ஔவையார், பழநி, ஆவினன்குடி, பெண் கலைஞர்

முன்னுரை

ஒரு நடிகரின் கலைவாழ்வை அவர் ஏற்ற பாத்திரங்கள் அமைப்பதைப் போலவே அவர் ஏற்க மறுத்த பாத்திரங்களும் அமைக்கின்றன. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களுள் முன்னோடியான பால் ராப்சன் மேடையிலும் திரையிலும் பெரும்புகழ் பெற்றபின், தம் இனத்தாரை இழிவுபடுத்தும் பாத்திரங்களே தொடர்ந்து வழங்கப்படுவதைக் கண்டு 1942ஆம் ஆண்டுக்குப் பின் ஹாலிவுட் படங்களிலிருந்து விலகினார். அம்மறுப்பு அரசியல் மறுப்பாக உடனே அடையாளம் காணப்பட்டது. தமிழ்ச்சூழலில் ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு பெண் கலைஞர் மேற்கொண்ட மறுப்பு கற்பு, பக்தி ஆகிய சொற்களாலேயே விளக்கப்பட்டு வந்துள்ளது. இருவருடைய சூழல்களும் வேறானவை; மறுப்பின் காரணங்களும் வேறானவை. எனினும் மறுப்பு ஒரு கலைஞரின் தொழிலை எவ்வாறு வடிவமைக்கிறது என்னும் வினா இருவருக்கும் பொதுவானது. அவ்வினாவைச் சுந்தராம்பாளின் வாழ்வில் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழநி: நிலமும் தொன்மமும்

மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையாக விரியும் பழநி மலைத்தொடரின் மேற்பகுதியில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் அமைந்துள்ளது. அத்தொடரின் வடக்கு அடிவாரச் சமவெளியில் தனித்து நிற்கும் சிறுகுன்றே முருகன் கோயில் கொண்ட பழநி. பொதினி என்றும் ஆவினன்குடி என்றும் பழம்பாடல்கள் இப்பகுதியைச் சுட்டுகின்றன. அகநானூற்றின் முதற்பாடலில் மாமூலனார் ஆவியின் பொதினியைக் குறிப்பிடுகிறார். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆவியர் குடியைச் சேர்ந்தவன்.

திருமுருகாற்றுப்படை ஆவினன்குடியை முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. அந்நூலில் அவன் அங்குத் தன் துணைவியோடு சில நாள் தங்குபவனாகவே காட்டப்படுகிறான். மாங்கனிக்காகப் பெற்றோரிடம் பிணங்கி, ஆண்டிக்கோலம் பூண்டு குன்றேறிய இளைஞனின் கதை அந்நூலில் இல்லை. இன்று பழநி என்றவுடன் தமிழர் மனத்தில் எழும் கோவணாண்டியின் உருவம் பின்னாளில் வளர்ந்து நிலைபெற்ற மரபாகும். துணையுடன் கூடிய தெய்வமும் துறவுபூண்ட தெய்வமும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்து வாழ்வது பழநித் தொன்மத்தின் சிறப்பியல்பு.

சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி இத்தொன்மத்திற்கு அயலான ஊரன்று. காவிரிக் கரையில் அமைந்த இப்பாடல்பெற்ற தலத்திலிருந்து பங்குனி உத்திரத்தின்போது அடியவர்கள் காவிரி நீரைக் காவடியாகச் சுமந்து பழநிக்கு நடந்துசெல்வது கொங்குநாட்டு வழக்கம். காவடிப் பாட்டும் முருகன் கதைப்பாட்டும் அவ்வழியெங்கும் ஒலித்தவை. சுந்தராம்பாளின் குரலை வளர்த்த இசைச்சூழல் இதுவாகும்.

கொடுமுடியும் முதல் மேடையும்

1908ஆம் ஆண்டு பிறந்த சுந்தராம்பாளின் பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகள் கொடுமுடியையும் அவருடைய தாயார் பாலாம்பாளையும் குறிப்பன. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்குவது பொதுவழக்காக இருக்க, தாயின் பெயரைத் தாங்கியே அவர் இறுதிவரை அறியப்பட்டார். வறுமையில் உழன்ற அக்குடும்பத்தைத் தாயே காத்துவந்தார். சிறுமியாக இருந்தபோது ரயில்பெட்டியில் சுந்தராம்பாள் பாடியதைக் கேட்ட நடேச ஐயர் என்பவர், அவரை வேலு நாயரின் நாடகக்குழுவில் சேர்ப்பித்தார் என வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் சிறுவனாக வேடமேற்றதே அவருடைய தொடக்கம். ஏழைச் சிறுமியொருத்தி முதன்முதலாக மேடையில் பெற்ற வேடம் பசித்த ஆண்பிள்ளையின் வேடமாக இருந்தது கருதத்தக்கது. பாலின எல்லையைக் கடந்து வேடம் ஏற்கும் பயிற்சி அவருக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

அன்றைய நாடக அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த இசைநாடக மரபில் பாட்டே நாடகத்தின் உயிர். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் குழுக்கள் பெண் வேடங்களையும் சிறுவர்களைக் கொண்டே நிரப்பின. இதற்கு மாறாக, தனித்தனிக் கலைஞர்களை ஒரே இரவுக்கு ஒப்பந்தம் செய்து நடத்தப்பட்ட ஸ்பெஷல் நாடகங்களில் பெண் கலைஞர்கள் இடம்பெற்றனர். இவற்றில் ஒத்திகைக்கு இடம் குறைவு. பனுவல் அனைவருக்கும் மனப்பாடமாக இருக்கும். மேடையில் எதிர்நிற்பவரின் பாட்டுக்கும் தர்க்கத்துக்கும் அந்த நொடியிலேயே ஈடுகொடுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைக்கோடி வரை எட்டும் குரலே நடிகரின் முதன்மைத் தகுதி. சுந்தராம்பாளின் எட்டுக்கட்டைக் குரல் என்று மக்கள் வியந்த உச்சக்குரல் இத்தொழில் தேவையில் உருப்பெற்றது.

இலங்கையும் வள்ளி வேடமும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தமிழ் நாடகக்குழுக்களுக்குக் கொழும்பு ஒரு முக்கிய அரங்கு. சென்னை மாகாணத்துக் கலைஞர்கள் அங்குப் பல மாதங்கள் தங்கி நடித்தனர். இலங்கைத் தமிழருக்கும் தமிழகத்து முருகத் தலங்களுக்கும் இருந்த உறவு மிக நெருக்கமானது. பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான லீலாவதி அம்மையார் 1936ஆம் ஆண்டு கோடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலை எழுப்பியது அவ்வுறவுக்குச் சான்று. அக்கோயிலிலிருந்து கீழே பழநிக் குன்றைக் காணலாம். நாடகக்குழுக்களின் கப்பற்பயணமும் முருக வழிபாடும் ஒரே பண்பாட்டு வெளியில் இயங்கின.

1926ஆம் ஆண்டு இலங்கையில் சுந்தராம்பாள் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பா அந்நாளிலேயே புகழின் உச்சியில் இருந்த இளம் நடிகர், முன்பே மணமானவர். இருவரும் இணைந்து நடித்த நாடகங்களுள் வள்ளி திருமணம் தனிச்சிறப்புப் பெற்றது. தினைப்புனம் காக்கும் வள்ளியாகச் சுந்தராம்பாளும், வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகனாகக் கிட்டப்பாவும் விடியவிடியப் பாடித் தர்க்கித்தனர். அந்நாடகத்தில் வள்ளி வெறுமனே கவரப்படும் பெண்ணாக இருப்பதில்லை. வந்தவனை வினவுகிறாள், மறுக்கிறாள், அவன் சொல்லுக்குச் சொல் எதிர்நிற்கிறாள். ஆணுக்கு நிகராகப் பாட்டில் வாதிடும் உரிமையை இசைநாடகம் பெண் கலைஞருக்கு வழங்கிய இடம் இது. மேடையில் நிலவிய இச்சமநிலை வாழ்வில் நிலவவில்லை. இருவரும் மணவாழ்வில் இணைந்தும், முதல் மணமும் சமூக வேறுபாடும் இடைநின்றன. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

மறுப்பும் மறுவருகையும்

கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை உடுத்தார்; அணிகளைத் துறந்தார்; எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். வாழ்க்கை வரலாறுகள் வழக்கமாக இவ்விடத்தில் அவரைக் கணவரை நினைந்து உருகும் கைம்பெண்ணாக நிலைநிறுத்தி, பின்வந்த 47 ஆண்டுகளை அத்துயரின் நீட்சியாகவே சொல்லிச்செல்லும். அவருடைய துயர் உண்மையானது. அதேவேளை, 25 வயதில் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. நாடகக் கதாநாயகி இணைநடிகரோடு சேர்த்தே மதிப்பிடப்பட்ட காலம் அது. இணையின்றி நடிப்பேன் என்பது, தொழிலை விட்டு விலகுவதற்கு ஒப்பான முடிவாக முடிந்திருக்கக்கூடும். அவ்வாறு முடியாமைக்குக் காரணம் அவர் தேர்ந்தெடுத்த அடுத்த வேடமாகும்.

1934ஆம் ஆண்டு அவர் மேடைக்குத் திரும்பியபோது நந்தனாராக நின்றார். இராஜபார்ட் எனப்படும் ஆண் தலைமை வேடத்தைப் பெண் ஏற்பது ஸ்பெஷல் நாடக மரபில் அறியப்பட்டதே. ஆண் நடிகருக்கு இணையாக நடிக்க மறுத்தவர், ஆண் தலைமை வேடத்தையே தம் இடமாக்கிக்கொண்டார். இணைப்பாத்திரம் தேவைப்படாத தலைமைப்பாத்திரம் அவருக்கு வேண்டியிருந்தது. நந்தன் கதை அதைத் தந்தது.

நந்தனார் திரைப்படம் 1935ஆம் ஆண்டு அசன்தாஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக, எம்.எல். டாண்டன் இயக்கத்தில் வெளிவந்தது. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வெளிவந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்படத்தில் நடித்த டி.பி. ராஜலட்சுமியும் மேடையிலிருந்து வந்தவரே. ராஜலட்சுமி கதாநாயகியாகத் தொடங்கி 1936இல் மிஸ் கமலாவை இயக்குபவராக வளர்ந்தார். சுந்தராம்பாள் கதாநாயகி என்னும் இடத்தையே தவிர்த்துத் திரையில் நுழைந்தார். நந்தனாருக்காக அவர் 1 லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதாகத் திரை வரலாறுகள் பதிவுசெய்துள்ளன. அக்காலத்தில் எந்த நடிகரும் எண்ணிப்பார்க்க இயலாத தொகை அது. படத்தில் நடிக்கத் தயங்கிய அவர் தயாரிப்பாளர் பின்வாங்கட்டும் என்று அத்தொகையைக் கேட்டதாகவும், தயாரிப்பாளர் உடன்பட்டதாகவும் வழங்கும் செய்தி உண்டு. காரணம் எதுவாயினும், தம் உழைப்பின் விலையைத் தாமே சொல்லிய பெண்ணை இங்குக் காண்கிறோம்.

கருநாடக இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அப்படத்தில் வேதியராக நடித்தார். சேக்கிழாரின் திருநாளைப்போவார் வரலாற்றில் வேதியர் என்னும் கொடிய பண்ணையார் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே அப்பாத்திரத்தைப் படைத்தது. தீண்டாமைக் கொடுமையை அடியவரின் பொறுமையினூடாகக் காட்டிய அக்கீர்த்தனை மரபே திரைக்கும் வந்தது. ஒடுக்கப்பட்ட ஆணின் வேடத்தில் ஒரு பெண் நின்றபோது இரு வகை ஒடுக்குமுறைகள் ஓருருவில் சந்தித்தன எனலாம். ஆயினும் படம் அக்காலத் திறனாய்வில் ஒருமித்த பாராட்டைப் பெறவில்லை. கல்கி ஆனந்த விகடனில் அதைக் கடுமையாக விமரிசித்தார். மேடையில் வென்ற குரல் திரையில் தன் உடல்மொழியை இன்னும் கண்டடையாத நிலையை அவ்விமரிசனம் வெளிப்படுத்தியது.

அரசியல் மேடை

சுந்தராம்பாளின் குரல் நாடகக் கொட்டகையோடு நின்றுவிடவில்லை. தேசிய இயக்கக் காலத்தில் காந்தியடிகள், பகத்சிங் போன்றோரைப் பற்றிய அவருடைய பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து ஊர்தோறும் ஒலித்தன. தீரர் சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்தவர். அவருடைய ஊக்கத்தால் 1937 தேர்தலில் சுந்தராம்பாள் ஊர் ஊராகச் சென்று பாடி வாக்குத் திரட்டினார். நாடகக் கலைஞர்கள் தேசிய இயக்கத்தின் செய்தியைச் சுமந்த விதத்தைத் தியடோர் பாஸ்கரன் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

1951ஆம் ஆண்டு அவர் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் சட்டமன்ற அவையொன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞராக அவர் கருதப்படுகிறார். தமிழகத்தில் திரைக்கும் ஆட்சிக்கும் இடையே பின்னாளில் உருவான பெரும்பாதையின் தொடக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார் என்பது போதிய கவனம் பெறவில்லை. துறவுக்கோலத்தில் அவரைக் காணப் பழகிய வரலாற்றுப் பார்வையில் அவருடைய அரசியல் உழைப்பு துணைச்செய்தியாகச் சுருங்கிவிட்டது.

ஔவை: முதுமையின் அதிகாரம்

1940இல் மணிமேகலையாக நடித்தபின் சுந்தராம்பாள் நெடுங்காலம் திரையில் தோன்றவில்லை. 1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தின் ஔவையார் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். இளம்பருவத்து ஔவையாகக் குசலகுமாரி நடித்தார். முதிய ஔவையாகச் சுந்தராம்பாள் நடித்தார். அப்போது அவருக்கு வயது 45.

திருமணத்தை வேண்டாத இளம்பெண் தன் இளமையையும் அழகையும் நீக்குமாறு பிள்ளையாரை வேண்டி முதுமை பெறுகிறாள் என்பது படத்தின் அடிப்படைக் கதை. அதியமானோடு நட்புக்கொண்டு, கள்ளும் சோறும் பகிர்ந்து, தூது சென்ற சங்கப் புலவர் ஔவையிடம் இக்கதை இல்லை. நீதிநூல்கள் பாடிய பிற்கால ஔவையையும், தனிப்பாடல் மரபின் ஔவையையும், சங்கப் புலவரையும் ஒன்றாக்கியே மக்கள் மரபு ஓர் ஔவையை உருவாக்கியது. படமும் அம்மரபைப் பின்பற்றியது. இலக்கிய வரலாற்று நோக்கில் இது குறை. கலைஞரின் வாழ்வு நோக்கில் இதுவே அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. மன்னரை இடித்துரைக்கவும், தனியே ஊர்சுற்றவும், கடவுளோடு வாதிடவும் ஒரு பெண்ணுக்கு மரபு அனுமதித்த ஒரே உருவம் முதியவளின் உருவம். சுந்தராம்பாள் அவ்வுருவத்தில் தம் குரலுக்கு முழு இடம் கண்டார். நந்தனாரில் கண்டடையப்படாத உடல்மொழி இங்குக் கைகூடியது: ஊன்றுகோலும், வளைந்த முதுகும், தளராத குரலும்.

இதே காலப்பகுதியில் டி.கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் என்றே பெயர்பெற்றார். ஒரே புலவரின் வேடத்தில் மேடையில் ஓர் ஆணும் திரையில் ஒரு பெண்ணும் நிலைபெற்றனர். ஔவையின் முதுமை பாலின அடையாளத்தைத் தளர்த்தும் ஒன்றாகத் தமிழ் அரங்கில் விளங்கியதை இது காட்டுகிறது. சண்முகத்திற்கு ஔவை அரிய வேடங்களுள் ஒன்று. ஆண் வேடங்கள் அனைத்தும் அவருக்குத் திறந்திருந்தன. சுந்தராம்பாளுக்கோ அது திறந்திருந்த சில கதவுகளுள் பெரியது. இவ்வேறுபாடு இருவரின் திறனைச் சார்ந்ததன்று. இருவருக்கும் அமைந்த வாய்ப்பைச் சார்ந்தது.

பழநி அடிவாரத்தில் ஔவை

ஏ.பி. நாகராஜன் இயக்கிய திருவிளையாடல் 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. கே.வி. மகாதேவன் இசையமைத்தார். சிவனின் திருவிளையாடல்களைச் சொல்லும் அப்படத்திற்குப் பழநிக் கதையே சட்டகமாக அமைந்தது. கனியை இழந்த முருகன் சினங்கொண்டு பழநிக்குச் செல்கிறான். ஔவை அவனைத் தடுத்துத் தேற்றிப் பாடுகிறார். பின்னர் வரும் உமையம்மை திருவிளையாடற் கதைகளைக் கூறி மகனின் சினத்தைத் தணிக்கிறாள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இச்சட்டகம் இல்லை. மதுரைத் தலபுராணத்தைப் பழநித் தொன்மத்தோடும் ஔவை மரபோடும் இணைத்தது திரைப்படமே. அவ்விணைப்பு மக்கள் மனத்தில் நிலைத்தமைக்குச் சுந்தராம்பாளின் குரல் ஒரு முதன்மைக் காரணம். பழநி ஆண்டியின் பெயர்க்காரணத்தை ஏட்டில் படித்தறிந்தோரினும் அவர் பாடக் கேட்டறிந்தோரே மிகப்பலர்.

இக்காட்சியை அவருடைய முந்தைய வாழ்வோடு சேர்த்து நோக்குதல் தகும். வள்ளி திருமணத்தில் அவர் முருகனோடு தர்க்கித்த காதலி. திருவிளையாடலில் அவர் முருகனோடு தர்க்கிக்கும் பாட்டி. உறவு மாறியது, தர்க்கம் மாறவில்லை. தெய்வத்தோடு சமநிலையில் நின்று வாதிடும் இசைநாடகப் பெண்குரல் முதுமை என்னும் உருவத்தைப் பூண்டு திரைக்கு வந்தது. 1967இல் வெளிவந்த கந்தன் கருணையிலும் அவர் ஔவையாக நடித்தார். அப்படத்தில் சிவகுமார் முருகனாகவும் ஜெயலலிதா வள்ளியாகவும் தோன்றினர். இளமையில் தாம் ஏற்ற வேடம் வேறொரு நடிகையிடம் சேர்ந்திருக்க, அக்கதைக்குள்ளேயே வேறோர் இடத்தில் அவர் நின்றார்.

துறவியர் வரிசை

சுந்தராம்பாள் நடித்த படங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவற்றின் முதன்மைப் பாத்திரங்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். நந்தன் சைவ அடியார். மணிமேகலை பௌத்தத் துறவி. ஔவை இல்லறம் ஏற்காத புலவர். 1964இல் வெளிவந்த பூம்புகாரின் கவுந்தியடிகள் சமணத் துறவி. 1973இல் வெளிவந்த காரைக்கால் அம்மையாரின் தலைவி இளமையழகை உதறிப் பேயுரு வேண்டியவர். ஐவரும் தமிழ் இலக்கியம் தந்தவர்கள். இல்லற எல்லைக்கு வெளியே நின்றவர்கள். காரைக்கால் அம்மையார் படத்தில் இளமைப்பருவத்துப் புனிதவதியாக லட்சுமியும் பின்னைய அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். ஔவையார் படத்தின் பாத்திரப் பகிர்வே இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்தது. பழநிக் கதையைப் போலவே அம்மையார் கதையிலும் ஒரு மாங்கனியே திருப்புமுனையாவது இங்கு நினையத்தக்கது. இரண்டிலும் கனி குடும்பத்தைப் பிரிக்கிறது. பிரிந்தவர் துறவால் உயர்கிறார்.

பூம்புகார் மு. கருணாநிதியின் திரைக்கதை, உரையாடலில் உருவானது. காங்கிரஸ் மேடைகளில் பாடியவரும் ஆழ்ந்த முருக பக்தருமான சுந்தராம்பாள், திராவிட இயக்கத் தலைவரின் படத்தில் சமணத் துறவியாக நடித்தார். தொழிலில் அவர் கட்சி எல்லையையும் சமய எல்லையையும் கடந்துள்ளார்; தாம் வகுத்த பாத்திர எல்லையை மட்டும் கடக்கவில்லை.

1969இல் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அதுவும் முருக பக்தியைப் பொருளாகக் கொண்ட படமே. 1970இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் ஊரான கொடுமுடியில் திரையரங்கு ஒன்றையும் அவர் நிறுவினார். ரயிலில் பாடிய சிறுமி தம் ஊரில் திரையரங்கின் உரிமையாளரானது அவருடைய தொழில்வாழ்வின் மறுபக்கத்தைக் காட்டும் செய்தி. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மதிப்பீடு

மேற்கண்ட செய்திகளிலிருந்து இருவேறு முடிவுகள் எழக்கூடும். முதலாவது, துறவுக்கோலம் சுந்தராம்பாளுக்குத் தற்சார்பை வழங்கியது. இணைநடிகரைச் சாராத தலைமைப்பாத்திரம், தாமே சொல்லிய ஊதியம், அரசியல் மேடை, சட்டமன்ற இடம், சொந்தத் திரையரங்கு ஆகியவை அக்கோலத்தில் இருந்தவாறே அவர் பெற்றவை. நடிகையரின் ஒழுக்கத்தை ஐயுற்ற சமூகத்தில் அக்கோலம் அவருக்குக் காப்பாகவும் அமைந்தது.

இரண்டாவது, அத்தற்சார்புக்கு அவர் கொடுத்த விலை பெரிது. கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த வெண்ணிற ஆடையை ஏற்றதன் வாயிலாகவே அவர் மதிப்பைப் பெற்றார். அவ்விதியை அவர் எதிர்க்கவில்லை. அதன் உள்ளிருந்தே தமக்கு இடம் கண்டார். மேடையில் வள்ளியாக வெளிப்பட்ட நகையும் காதலும் குறும்பும் திரையில் பதிவாகவே இல்லை. நடுத்தர வயதுப் பெண்ணின் உலகியல் வாழ்வைக் காட்டும் பாத்திரம் அவருக்கு முதன்மையாக அமையவில்லை. இவ்விழப்பைக் கற்பின் பெருமையாக மட்டும் எழுதும் வரலாறு, அவருடைய கலையின் ஒரு பாதியை மறந்துவிடுகிறது. அவரை முழுமையாகக் கட்டுண்டவராகக் காட்டும் வரலாறு, அவர் எடுத்த முடிவுகளை மறந்துவிடுகிறது.

முடிவுரை

திருமுருகாற்றுப்படையில் துணைவியோடு ஆவினன்குடியில் தங்கிய முருகன், பிற்கால மரபில் அந்நிலத்திலேயே ஆண்டியாக நின்றான். பழைய உருவம் அழியவில்லை. புதிய உருவம் அதன்மேல் படிந்தது. சுந்தராம்பாளின் கலைவாழ்விலும் ஔவையின் உருவத்திற்கு அடியில் வள்ளியின் குரல் தொடர்ந்தது. பழநி அடிவாரக் காட்சியில் ஒலிப்பது கொட்டகை நாடகத்தில் பயின்ற தர்க்கக் குரலே என்பதை அவருடைய பாத்திர வரிசை உறுதிப்படுத்துகிறது. ஆகவே அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கிட்டப்பாவின் மறைவிலிருந்து தொடங்காமல், நல்லதங்காள் நாடகத்தின் பசித்த சிறுவனிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். அங்கிருந்து நோக்கும்போது, உழைத்து வாழ்ந்த ஒரு கலைஞர் தமக்கு அமைந்த குறுகிய வெளியில் ஒவ்வொரு வேடத்தையும் எவ்வாறு தேர்ந்துகொண்டார் என்பது தெளிவாகும். இசைநாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த பிற பெண் கலைஞர்களின் பாத்திரத் தேர்வையும், அவர்கள் ஏற்க மறுத்த பாத்திரங்களையும் இந்நோக்கில் ஆராய்வது தமிழ் அரங்க வரலாற்றை மேலும் விரிவாக்கும்.